சர்க்கரை இருந்தது, பால் இல்லை: கியூபாவின் கொப்பெலியா ஐஸ்கிரீம்

ஹவானாவில் கொப்பெலியாவுக்கு ஐஸ்கிரீம் சாப்பிடப் போகிறவர் முதலில் ஃப்ளேவர் பெயரைச் சொல்வதில்லை. மரத்தடியில் சிதறி நிற்கும் கூட்டத்தைப் பார்த்து "உல்த்திமோ?" என்று குரல் கொடுப்பார். கடைசி ஆள் யார் என்று அர்த்தம். எங்கிருந்தோ ஒரு கை உயரும். அந்த முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். அப்புறம் நிழல் பார்த்து உட்காரலாம், பக்கத்தில் நிற்பவரிடம் கதை பேசலாம், எதிர்ச்சாரிக்குப் போய்விட்டும் வரலாம். அடுத்து ஒருவர் வந்து "உல்த்திமோ?" என்றால் நீங்கள் கை தூக்க வேண்டும். கடைசி ஆள் என்ற பட்டம் அந்த நொடியில் அவருக்குப் போய்விடும். பார்ப்பதற்கு வரிசை மாதிரியே இருக்காது. ஆனால் ஆளுக்கு ஆள் கோத்த சங்கிலி அது. விவரமானவர்கள், தமக்கு முன்னால் இருப்பவர் யாருக்குப் பின்னால் வந்தார் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்வார்கள். முன்னால் இருப்பவர் வெறுத்துப்போய் வீட்டுக்குக் கிளம்பிவிட்டால் சங்கிலி அறுந்துவிடக் கூடாதல்லவா.

இந்தக் காத்திருப்பு ஒரு மணி நேரம் போகும், சில நாள் அதற்கும் மேலே போகும். அத்தனையும் ஒரு தட்டு ஐஸ்கிரீமுக்கு. நான் ஹவானா போனதில்லை. தெருவில் மணி அடித்துக்கொண்டு வரும் குச்சி ஐஸ் வண்டிக்குப் பின்னால் ஓடி வளர்ந்த ஆள் நான். ஆனால் ஐஸ்கிரீமைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தால் எந்த வழியாகப் போனாலும் இந்தக் கடை வந்து நிற்கிறது. கொஞ்ச நாளில் ஒன்று பிடிபட்டது. கொப்பெலியாவின் கதையை அரசியலாகப் படித்தால் பாதிதான் புரியும். அதைப் பால் கணக்காகப் படிக்க வேண்டும்.

சரி, கொப்பெலியா என்றால் என்ன? ஹவானாவில் உள்ள ஒரு பெரிய ஐஸ்கிரீம் கடையின் பெயர் அது. அந்தக் கடைக்காகத் தொழிற்சாலையில் தயாராகும் ஐஸ்கிரீமின் பெயரும் அதுதான். மற்ற ஊர்களிலும் அதே பெயரில் கடைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் உரிமையாளர் கியூபா அரசாங்கம். நாம் தேசிய பிராண்டு என்று சொல்வது பொதுவாக நாடு முழுக்க விற்கும் ஒரு கம்பெனியின் பொருளைத்தான். இங்கே அந்தச் சொல்லை அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொள்ளலாம். நாடே போட்டு, நாடே விற்கும் ஐஸ்கிரீம் இது. ஆவின் மாதிரியா என்று கேட்டால், முழுக்க இல்லை. ஆவினுக்குக் கீழே கூட்டுறவுச் சங்கங்கள், அவற்றுக்குப் பால் ஊற்றும் மாடு வைத்திருப்பவர்கள் என்று ஒரு அடுக்கு இருக்கிறது, சந்தையில் போட்டிக்குத் தனியாரும் உண்டு. கியூபாவிலோ 1968 மார்ச்சில் தெருவோரத் தின்பண்டக் கடைகள் வரைக்கும் அரசு எடுத்துக்கொண்டது. பெரிய பால் பண்ணை, தொழிற்சாலை, கடை, விலைப் பலகை எல்லாவற்றுக்கும் ஒரே முதலாளி.

ஒரு டப்பாவைத் தராசில் வைத்தால்

மாட்டுக் கதைக்குப் போகும் முன் ஐஸ்கிரீமின் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். இல்லாவிட்டால் மாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும்.

ஐஸ்கிரீமில் இருப்பது பால் கொழுப்பு, பாலில் உள்ள புரதம் முதலான மற்றச் சத்து, சர்க்கரை, தண்ணீர், காற்று. வெறும் தண்ணீரை உறைய வைத்தால் கல் மாதிரி ஆகும். ஐஸ்கிரீம் அப்படி ஆகாததற்கு முதல் காரணம் சர்க்கரை. சர்க்கரை கரைந்த தண்ணீர் 0 டிகிரியில் உறையாது, அதற்கும் கீழே போக வேண்டும். ஃப்ரீசரில் 18 டிகிரி மைனஸில் வைத்தாலும் அதில் ஒரு பகுதி உறையாமல் பாகாகவே கிடக்கும். கரண்டி இறங்குவது அதனால்தான். இரண்டாவது காரணம் கடைவது. உறையும்போதே விடாமல் கலக்கிக்கொண்டிருந்தால் பனித்துகள் பெரிதாக வளர நேரம் கிடைக்காது, கூடவே காற்றும் உள்ளே மாட்டிக்கொள்ளும். அந்தக் காற்றுக் குமிழிகள் உடைந்துபோகாமல் தாங்கிப் பிடிப்பதில் பெரும்பங்கு பால் கொழுப்புக்கு. கொழுப்பு தாராளமாக இருந்தால் நாக்கில் வழுவழுவென்று மெதுவாகக் கரையும், ருசி கொஞ்ச நேரம் தங்கும். கொழுப்பு குறைந்தால் பல் கூசும் ஜில்லிப்பு மட்டும் மிஞ்சும்.

காற்று எவ்வளவு என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. ஒரு லிட்டர் டப்பா ஒன்றைச் சமையல் தராசில் வையுங்கள். ஒரு லிட்டர் பால் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும். ஐஸ்கிரீம் டப்பாவோ பெரும்பாலும் அரைக் கிலோவை ஒட்டியே நிற்கும். மீதி காற்று. இதில் மோசடி ஒன்றும் இல்லை, காற்று இல்லாத ஐஸ்கிரீமைச் சாப்பிடவே முடியாது. ஆனால் எல்லை வேண்டும். இந்தியாவில் முழுக் கொழுப்பு ஐஸ்கிரீம் என்று விற்க வேண்டுமானால் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும், ஒரு லிட்டர் 525 கிராமாவது எடை நிற்க வேண்டும். பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்தால் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று டப்பாவில் போட வேண்டும்.

இப்போது ஐஸ்கிரீம் போடுகிறவர் பக்கம் நின்று யோசியுங்கள். பால் தட்டுப்பாடு வந்துவிட்டது, ஆனால் கடையைத் திறந்தாக வேண்டும். என்ன செய்வார்? காற்றைக் கூட்டலாம். கொழுப்பைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டலாம். இருபது ஃப்ளேவர் இருந்த இடத்தில் இரண்டு போடலாம். மூன்றையும் பற்றிக் கியூபாக்காரர்கள் புலம்புவார்கள். ஸ்கூப்பை மேலே உருண்டையாகக் காட்டி உள்ளே குழிவாக வைக்கிறார்கள் என்பது அவர்களுடைய நான்காவது புலம்பல்.

இதில் வேடிக்கை, மூலப்பொருள்களில் ஒன்று மட்டும் கியூபாவில் மலைபோல் குவிந்து கிடந்தது. சர்க்கரை. 1970-ல் ஒரு கோடி டன் சர்க்கரை எடுத்தே தீருவோம் என்று ஆபீஸ்காரர்களையும் மாணவர்களையும் கரும்புக் காட்டுக்கு அனுப்பினார்கள். இலக்கு எட்டவில்லை, கிடைத்தது 85 லட்சம் டன்தான். அந்தத் தோல்வியே எத்தனை பெரிய எண் பாருங்கள். இனிப்புக்குக் கவலையில்லை. கொழுப்புக்குத்தான் மாடு வேண்டும்.

பனிக்கட்டி வந்த கப்பல்

வெயில் நாட்டுக்கு ஐஸ்கிரீம் பைத்தியம் எப்படிப் பிடித்தது? பாஸ்டனில் ஃபிரெடரிக் டூடர் என்று ஒரு வியாபாரி இருந்தார். குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் பனியைப் பாளம் பாளமாக அறுத்துக் கப்பலேற்றி வெப்ப நாடுகளுக்கு விற்பது அவருடைய யோசனை. ஊரே சிரித்தது. 1806-ல் முதல் சரக்கு மார்த்தினிக் தீவுக்குப் போனது. ஐஸை வைத்து என்ன செய்வது என்று அங்கே யாருக்கும் தெரியாததால், ஐஸ்கிரீம் போட்டுக் காட்டினார். அடுத்த சந்தை ஹவானா. அங்கே கிடங்கு கட்டி, நிலையான வாடிக்கையும் பிடித்தார்.

இந்த டூடர் நமக்கும் தெரிந்தவர்தான், பெயர் தெரியாமலே. அவருடைய ஐஸ் 1833-ல் கல்கத்தாவுக்கு வந்தது, பிறகு மதராஸுக்கும். திருவல்லிக்கேணி கடற்கரையில் 1842-ல் அவர் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். விவேகானந்தர் 1897-ல் தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம். பேருந்தில் ஏறி "ஐஸ் ஹவுஸ் ஒண்ணு" என்று டிக்கெட் கேட்கும்போது ஹவானாவுக்கு ஐஸ் விற்றவரின் கிடங்கைத்தான் கேட்கிறோம்.

இருபதாம் நூற்றாண்டில் கியூபாவில் அமெரிக்கச் செல்வாக்கு தலைக்கு மேல் இருந்தது. அமெரிக்க ஹோட்டல், அமெரிக்க கார், அமெரிக்க ஐஸ்கிரீம். 1959-ல் புரட்சி வென்றது. உறவு முறிந்தது. அமெரிக்கத் தடை 1960-ல் பாதியாக ஆரம்பித்து, 1962 பிப்ரவரியில் கிட்டத்தட்ட முழுசாக விழுந்தது. அதே 1962-ல் கியூபாவில் ரேஷன் புத்தகம் வந்தது.

பால் பிரியர் ஆட்சிக்கு வந்தால்

ஃபிடல் காஸ்ட்ரோ புரட்சியாளர், பேச்சாளர் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவர் பெரிய பால் பிரியர், ஐஸ்கிரீம் பிரியர். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு டஜன் ஸ்கூப்புக்கு மேல் உள்ளே தள்ளியதாக அவரோடு நெருங்கிப் பழகிய எழுத்தாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆட்சியைப் பிடித்ததும் சில மாதம் அவர் தங்கி வேலை பார்த்தது ஹவானா ஹில்டன் ஹோட்டலில். அதற்கு ஹவானா லிப்ரே, சுதந்திர ஹவானா, என்று பெயர் மாற்றினார்கள். அங்கே மில்க் ஷேக் குடிப்பது அவர் வழக்கம். இந்த வழக்கம் எதிரிகளுக்கும் தெரிந்துபோனது. அந்த ஹோட்டல் ஊழியர் ஒருவர் மூலம் சாக்லேட் மில்க் ஷேக்கில் விஷ மாத்திரை போட சிஐஏ ஏற்பாடு செய்ததாகவும், ஃப்ரீசரில் ஒளித்து வைத்த மாத்திரை சுவரோடு ஒட்டி உறைந்து, பிய்க்கும்போது உடைந்துவிட்டதாகவும் கியூபா உளவுத்துறையில் உயர் பதவியில் இருந்த ஃபாபியான் எஸ்கலாந்தே பிற்பாடு சொன்னார். காஸ்ட்ரோவைக் கொல்ல நடந்த முயற்சிகளிலேயே வெற்றிக்கு மிக அருகில் போனது அதுதான் என்பது அவர் கணக்கு.

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஹோவர்ட் ஜான்சன் என்ற உணவகச் சங்கிலி அப்போது பிரபலம். கூரை ஆரஞ்சு நிறம், விளம்பரம் "28 ஃப்ளேவர்". அந்த 28-ஐயும் கனடாவில் இருந்த கியூபத் தூதர் மூலம் தருவித்து, ஒவ்வொன்றாக ருசி பார்த்த காஸ்ட்ரோ, இதைவிட நல்லதாக, இதைவிட அதிகமாக நாம் போட வேண்டும் என்று முடிவெடுத்தார் என்பது ஹவானாவில் வழங்கும் கதை. கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனால் அமெரிக்கனை ஐஸ்கிரீமில் ஜெயிப்பது என்ற நோக்கம் நிஜம்.

வேலையைக் கையில் எடுத்தவர் செலியா சான்செஸ். மலைக்காட்டில் கெரில்லாப் போர் நடந்த நாள் முதல் காஸ்ட்ரோவின் வலது கை. ஹவானாவின் வெதாதோ பகுதியில், 23-ம் தெருவும் எல் தெருவும் சந்திக்கும் இடத்தில், ஹவானா லிப்ரே ஹோட்டலுக்கு எதிரே, முன்பு ஓர் ஆஸ்பத்திரி இருந்து இடிக்கப்பட்ட முழு மனை ஒன்று கிடைத்தது. மரியோ ஹிரோனா என்ற கட்டடக் கலைஞர் வரைந்தார். நடுவில் வட்ட வடிவ மேல்தளம், அதிலிருந்து கான்கிரீட் விலாக்கள் சிலந்திக் கால்கள்போல நாலாபக்கமும் இறங்கும், சுழல் படி ஏறிப் போனால் வண்ணக் கண்ணாடித் தடுப்புகள். கீழே ஆலமர இனத்து மரங்களின் நிழலில் திறந்தவெளி மேசைகள். தூரத்திலிருந்து பார்த்தால் பறக்கும் தட்டு ஒன்று தோப்பில் இறங்கிய மாதிரி இருக்கும். ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் உட்காரலாம். பணக்காரர் பகுதியின் மையத்தில், யார் வேண்டுமானாலும் சில்லறைக் காசு கொடுத்து உட்கார்ந்து சாப்பிட இப்படி ஓர் இடம் என்பது அன்றைக்குச் சாதாரண விஷயமில்லை. அந்த ஒரு காரியத்துக்காக அந்தக் கட்டடத்தை எனக்குப் பிடிக்கும்.

பெயர் வைத்ததும் செலியாதான். 'கொப்பெலியா' 1870-ல் பாரிஸில் அரங்கேறிய பாலே நாடகம். உயிருள்ள பெண் என்று நம்பி ஓர் இளைஞன் மயங்கும் பொம்மையின் பெயர் அது. செலியாவுக்குப் பிடித்த பாலே. அதனால் கடையின் சின்னமும் இரண்டு பாலே கால்கள். மெல்லிய நடனக்காரியின் கால் என்று நினைக்காதீர்கள். நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்த கால்கள், நுனிக்காலில் நிற்கின்றன. வரைந்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு.

1966 ஜூன் 4 அன்று திறந்தார்கள். நெதர்லாந்திலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் வந்த இயந்திரங்கள், பலகையில் 26 ஃப்ளேவர். அமெரிக்காவின் 28-க்கு இரண்டு குறைவு. சில வருடத்தில் அதையும் தாண்டிவிட்டதாகச் சொன்னார்கள்.

பலகையில் ஃப்ளேவருக்குப் பக்கத்தில் அளவுக்கும் செல்லப் பெயர்கள் உண்டு. இரண்டு ஸ்கூப் என்றால் 'ஹிமாகுவா', இரட்டைப் பிள்ளைகள். மூன்று என்றால் 'மூன்று தேவதைகள்'. ஒரு துண்டு கேக்கின் மேல் ஸ்கூப் வைத்தால் 'துர்கீனோ', கியூபாவின் மிக உயரமான மலைச்சிகரம். ஐந்து ஸ்கூப் தட்டுக்கு 'என்சலாடா', அதாவது சாலட். காய்கறிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வருகிறவர்களில் பெரும்பாலானோர் கேட்பது சாலட்தான், அதிலும் ஆளுக்கு இரண்டு, மூன்று. வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் டப்பாவில் மிச்சத்தைக் கொட்டிக்கொண்டு, உருகுவதற்குள் வேகமாக நடப்பவர்களும் உண்டு.

வெள்ளை மடி

கடை தயார். பால்?

கியூபாவில் மாடுகள் நிறைய இருந்தன. ஆனால் பெரும்பாலும் செபு, அதாவது திமில் மாடு. நம் நாட்டு மாடுகளின் வம்சம்தான் அது. வெயில், உண்ணி, வறண்ட புல் எல்லாவற்றையும் தாங்கும். பால் மட்டும் கொஞ்சமாகத்தான் கறக்கும். இறைச்சிக்கு வளர்த்த மாடு. குளிர்நாட்டு ஹோல்ஸ்டீன் அதற்கு நேர்மாறு. குடம் குடமாகக் கறக்கும், வெயில் பட்டால் மூச்சு வாங்கும். காஸ்ட்ரோ கனடாவிலிருந்து ஆயிரக்கணக்கில் ஹோல்ஸ்டீன் மாடுகளை வாங்கினார். அவற்றில் பல கியூபாவின் சூட்டைத் தாங்கவில்லை. கொட்டகைக்கு ஏசி போட்டுப் பார்த்தார்கள்.

சரி, இரண்டையும் கலந்தால்? செபுவின் தாங்கும் சக்தி, ஹோல்ஸ்டீனின் மடி. நம் ஊரில் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் காளைகளின் விந்தை ஊசி வழியாக நாட்டு மாட்டுக்குப் போட்டுக் கலப்பின மாடு உண்டாக்கியது ஞாபகம் வருகிறதா, அதே யோசனைதான். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. முதல் தலைமுறைக் கலப்பு நன்றாகவே இருக்கும். அதை மேலும் மேலும் கலந்துகொண்டே போனால் எந்தக் குணம் எந்தக் கன்றுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. அதோடு, கலப்பின மாட்டுக்குக் காட்டுப் புல் போதாது, தவிடு, புண்ணாக்கு, தானியம் என்று தீவனம் கொட்ட வேண்டும். கியூபாவில் அந்தத் தானியம் விளையவில்லை. சோவியத் கப்பலில் வந்தது. இதை இப்போதைக்கு ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாடு மட்டும் காஸ்ட்ரோவின் கனவை அப்படியே நிறைவேற்றியது. பெயர் 'உப்ரே ப்ளாங்கா', வெள்ளை மடி. இளைஞர் தீவு என்று பெயர் மாற்றப்பட்ட தீவில் ஒரு பண்ணையில் இருந்த கலப்பினப் பசு. 1982 ஜனவரியில் ஒரே நாளில் 109.5 லிட்டர் கறந்து உலக சாதனை செய்தது. நம் ஊரில் நாளுக்கு 10 லிட்டர் கறந்தால் நல்ல மாடு என்போம். அந்தக் கறவைக் காலத்தின் 305 நாளில் மொத்தம் 24,000 லிட்டரைத் தாண்டியது. செய்தித்தாளில் தினமும் அதன் சேதி. கொட்டகையில் ஏசி, காவல், கறக்கும்போது இசை. தீவனத்தை முதலில் வேறு மாடுகளுக்குக் கொடுத்து, விஷம் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் அதற்குப் போட்டார்கள் என்றுகூடச் சொல்வார்கள். வெளிநாட்டு விருந்தினரைக் காஸ்ட்ரோ அழைத்துப் போய்க் காட்டினார்.

1985-ல் அது செத்தது. உடலைப் பாடம் செய்து கண்ணாடிக் கூண்டில் வைத்தார்கள், தீவில் பளிங்குச் சிலை எழுப்பினார்கள். அதன் திசுவை எடுத்து வைத்திருந்து, 2002 வாக்கில் குளோனிங் முறையில் மறுபடி உண்டாக்க முடியுமா என்றும் பார்த்தார்கள். முடியவில்லை. அதன் கன்றுகளில் எதுவும் அந்த உயரத்தைத் தொடவில்லை.

ஒரு மாடு 109 லிட்டர் கறப்பது ஒரு சாதனை. ஒரு லட்சம் மாடுகள் ஆளுக்கு ஐந்து லிட்டர் கூடுதலாகக் கறப்பதுதான் பால்வளம். அந்த இரண்டாவது விஷயம் கியூபாவில் நிலையாக நடக்கவேயில்லை. பிறகு கொப்பெலியாவின் 26 ஃப்ளேவர் எதில் ஓடியது? உள்ளூர்ப் பாலில் கொஞ்சம், மீதி கப்பலில் வந்த பால் பவுடரிலும் வெண்ணெயிலும். கிழக்கு ஜெர்மனி பால் பவுடர் அனுப்பியது. பதிலுக்குக் கியூபா, கரும்புக் கழிவுப்பாகில் வளர்த்த ஈஸ்டைக் கால்நடைத் தீவனமாக அனுப்பியது. சர்க்கரையைக் கொடுத்துப் பால் வாங்கினார்கள் என்று ஒரு வரியில் சொல்லலாம். கியூபச் சர்க்கரையைச் சோவியத் யூனியன் உலகச் சந்தை விலையைவிடக் கூடுதலாக வாங்கிக்கொண்டு, எண்ணெயும் தானியமும் கொடுத்தது. ஆகவே அன்றைய ஹவானாவில் ஒரு ஸ்கூப் வெனிலா என்பது பெர்லினும் மாஸ்கோவும் சேர்ந்து வைத்த விருந்து. சாப்பிட்டவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

பலகை காலியான வருடங்கள்

1990-ல் இரண்டு ஜெர்மனியும் ஒன்றானது. பால் பவுடர் ஒப்பந்தம் போனது. 1991 டிசம்பரில் சோவியத் யூனியனே போனது. எண்ணெய் இல்லை, தானியம் இல்லை, உரம் இல்லை. கியூபாவின் பொருளாதாரம் மூன்று வருடத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. அரசு அதற்கு 'அமைதிக் காலத்தின் சிறப்புக் கட்டம்' என்று பெயர் வைத்தது. இத்தனை கஷ்டத்துக்கு இவ்வளவு மிருதுவான பெயர் வைக்க ஒரு தனித் திறமை வேண்டும். டிராக்டர் நின்று உழவு மாடு வந்தது. கார் நின்று சைக்கிள் வந்தது. தானியத்தை நம்பி வளர்த்த கலப்பின மாடுகள் காய்ந்துபோயின.

பால் ரேஷன் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நாளைக்கு ஒரு லிட்டர் என்ற அளவில் நின்றது. ஏழாவது பிறந்தநாள் வந்தால் பால் நின்றுவிடும். கொப்பெலியா மூடிவிடவில்லை. ஆனால் பலகையில் ஃப்ளேவர்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், ஒன்றோ இரண்டோ மிஞ்சின. வரிசை மட்டும் நீண்டது. மற்ற இடத்தில் எதுவுமே கிடைக்காதபோது, கிடைக்கும் ஒரே இடத்தில் கூட்டம் சேராமல் என்ன செய்யும்.

1993-ல் டாலர் வைத்திருப்பது சட்டப்படி சரி என்று ஆக்கினார்கள். அதன் பிறகு கொப்பெலியாவுக்குள்ளேயே இரண்டு உலகம். ஒரு பக்கம் உள்ளூர் பெசோ, சில்லறை விலை, நீண்ட காத்திருப்பு. இன்னொரு மூலையில் டாலர், பிற்பாடு டாலருக்கு ஈடான மாற்று பெசோ. அங்கே விலை பல மடங்கு, வரிசை இல்லை. வெளிநாட்டுக்காரர் முகத்தைப் பார்த்தாலே காவலாளி அந்த மூலைக்குக் கை காட்டுவார். யார் வேண்டுமானாலும் சமமாக உட்காரலாம் என்று கட்டிய இடத்தில் இப்படி ஒரு மூலை முளைத்ததுதான், காலி பலகையைவிட, எனக்கு உறுத்துகிறது.

2006-ல் காஸ்ட்ரோ நோயில் விழ, தம்பி ராவுல் பொறுப்பேற்றார். 2007 ஜூலை 26 அன்று, மாட்டுப் பண்ணைகளுக்குப் பேர்போன கமகுவெய் நகரில் பேசும்போது அவர் பாலைப் பற்றித்தான் பேசினார். ஏழு வயதோடு பால் நிற்கும் நிலை மாறி, விரும்புகிற எல்லோரும் ஒரு தம்ளர் பால் குடிக்கும் அளவுக்கு உற்பத்தி வேண்டும் என்றார். வெள்ளை மடியின் சாதனைக்குக் கால் நூற்றாண்டு கழித்து, நாட்டின் தலைவர் கேட்டது ஒரு தம்ளர்.

ஹவானா நகரம் பிறந்து 500 வருடம் ஆன 2019-ல் கொப்பெலியாவைப் பழுதுபார்த்து, வண்ணம் அடித்துத் திறந்தார்கள். கொஞ்ச நாள் பலகை நிறைந்திருந்தது. 2021 ஜனவரியில் இரட்டை நாணய முறையை ஒழித்தார்கள். தனி மூலைக்கு வேலை இல்லாமல் போனது. ஆனால் பெசோ விலையும் சில மடங்கு ஏறியது. அதற்குள் தெருவில் தனியார் ஐஸ்கிரீம் கடைகள் வந்துவிட்டன. விலை அதிகம்தான், ஆனால் ஃப்ளேவர் இருக்கும், நேரத்துக்குக் கிடைக்கும். கையில் காசு இருப்பவர் அங்கே போகிறார். இல்லாதவர் மரத்தடிக்கு வந்து "உல்த்திமோ?" கேட்கிறார்.

2024 தொடக்கத்தில், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பால் ரேஷனுக்கே பவுடர் போதாமல், கியூபா ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்திடம் உதவி கேட்டது. அந்த அமைப்பிடம் கியூபா அப்படி முறையாகக் கேட்டது அதுவே முதல் தடவை. அதே வருடம் அக்டோபரில் மின்கட்டமைப்பு விழுந்து நாடு முழுக்க இருண்டது. பால் இருந்தாலும் உறைய வைக்கக் கரண்ட் வேண்டுமே.

கடைசியாக ஒன்று. ஆரம்பத்தில் சர்க்கரைக்குப் பஞ்சமில்லை என்று சொன்னேன், அதையும் திருத்த வேண்டியிருக்கிறது. 1970-ல் 85 லட்சம் டன் எடுத்த நாட்டில், சமீப வருடங்களில் விளைச்சல் 5 லட்சம் டன்னுக்கும் கீழே போய்விட்டது. இப்போது கியூபா சர்க்கரையையும் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது.